பஸ்டர் கீட்டனும் இரண்டு டன் சுவரும்

அமெரிக்க ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரு சோகக் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஊமைப்பட காலத்தில் உச்சத்தில் இருந்தார், பேசும்படம் வந்தது, குடித்தார், காணாமல் போனார். இந்தக் கதையை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. நான் கட்டட வேலை பார்க்கிறவன். ஓசூர் பக்கம் சைட் இன்ஜினீயர். அவர் படத்தைப் பார்க்க உட்கார்ந்தால் நடிகர் கண்ணில் படுவதற்கு முன்னால், ஒரு பொருளின் கனம் என்ன, அது எந்தப் பக்கம் சாயும், ஆள் எங்கே நின்றால் பிழைப்பான் என்று கணக்குப் போட்ட மனிதர்தான் எனக்குத் தெரிகிறார். அவர் தொழிலே அந்தக் கணக்குதான். அதை அவர் கையிலிருந்து பிடுங்கினார்கள், அதனால் விழுந்தார். பேசும்படத்தின் மேல் பழி போடுவது சரியில்லை.

பிறந்தது 1895 அக்டோபர் 4, கான்சஸ் மாநிலத்தில் பிக்வா என்ற சின்ன ஊர். சொந்த ஊர் என்று சொல்ல முடியாது. அப்பா ஜோ, அம்மா மைரா இருவரும் ஊர் ஊராகப் போய் மருந்து விற்கும் கம்பெனியில் ஆடிப் பாடிப் பிழைத்தவர்கள். அவர்கள் வந்து இறங்கிய இடத்தில் பிள்ளை பிறந்தது, அவ்வளவுதான். ஜோசப் என்ற பெயரை மாற்றி 'பஸ்டர்' என்று கூப்பிட்டது மந்திரவாதி ஹூடினி என்று அந்தக் குடும்பம் சொல்லி வந்தது. கதையாகவே இருக்கலாம். ஆனால் ஹூடினியும் அவர்களும் ஒரே கம்பெனியில் ஊர் சுற்றியது உண்மை.

நடக்கத் தெரிந்த கொஞ்ச காலத்திலேயே பையனை மேடையில் ஏற்றிவிட்டார்கள். 'த்ரீ கீட்டன்ஸ்' என்று பெயர். சொன்ன பேச்சு கேட்காத பிள்ளை, அவனை அடக்கப் பார்க்கும் தகப்பன், இதுதான் ஆட்டம். ஜோ பையனைத் தூக்கிப் பின்திரை மேல் எறிவார், வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில் எறிவார். பிடித்து எறிய வசதியாகப் பையன் சட்டையின் முதுகில் ஒரு சூட்கேஸ் கைப்பிடியைத் தைத்து வைத்திருந்தார்கள். நியூயார்க்கில் குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்தார் விடாமல் துரத்தினார்கள். சட்டையைக் கழற்றிக் காயம் இருக்கிறதா என்று தேடியதாகக் கீட்டனே சொல்லியிருக்கிறார். விழுவது எப்படி என்று எனக்குத் தெரியும், எனக்கு அடியே பட்டதில்லை என்றுதான் கடைசிவரை சொன்னார். இருந்தாலும் இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. பிள்ளை சம்பாதித்து வீடு நடந்தது. தகப்பன் குடி ஏற ஏற, எறிவதில் நிதானம் தப்பியது. 1917-ல் அம்மாவும் பையனும் அவரை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ஆட்டம் அதோடு முடிந்தது.

முகம் சிரிக்காமல் போனதும் அந்த மேடையில்தான். தான் சிரித்தால் சனம் குறைவாகச் சிரிக்கிறது, முகத்தை அசைக்காமல் வைத்தால் கொட்டகை அதிர்கிறது என்பதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் உணர்ச்சி இல்லாத முகம் என்று அதைச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்ணைப் பாருங்கள். பயம், யோசனை, 'சரி, அடுத்து என்ன' என்ற தீர்மானம், எல்லாம் அந்தக் கண்ணில் வரிசையாக வந்து போகும்.

நியூயார்க்கில் அவருக்கு வாரம் 250 டாலருக்கு ஒரு மேடை ஒப்பந்தம் கிடைத்திருந்தது. அந்தச் சமயம் பார்த்து ராஸ்கோ ஆர்பக்கிள் படம் எடுத்துக்கொண்டிருந்த ஸ்டுடியோவுக்கு வேடிக்கை பார்க்கப் போனார். ஆர்பக்கிள் அன்று சாப்ளினுக்கு அடுத்து பேசப்பட்ட நகைச்சுவை நடிகர். போனவர் முதலில் செய்தது, கேமராவைக் காட்டச் சொன்னது. அதை அக்கக்காகப் பிரித்து, உள்ளே ஃபிலிம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினார் என்பார்கள். மேடை ஒப்பந்தத்தை விட்டுவிட்டு வாரம் 40 டாலருக்கு அங்கே சேர்ந்தார். நட்சத்திரமாகும் ஆசையை விட அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்ற ஆசை பெரிதாக இருந்திருக்கிறது. எனக்கு அவரைப் பிடித்துப் போனது இந்த இடத்தில்தான்.

1918-ல் ராணுவத்தில் பிரான்ஸ் போய், காது கொஞ்சம் பழுதாகித் திரும்பினார். 1920-ல் தயாரிப்பாளர் ஜோசப் ஷென்க் அவருக்கென்று தனி ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்தார். முன்பு சாப்ளின் படம் எடுத்த இடம் அது. அங்கே ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்தது. செட், எந்திரம் எல்லாவற்றுக்கும் ஃப்ரெட் கேப்ரி. கேமராவுக்கு எல்ஜின் லெஸ்லி. கதை பேச கிளைட் புரூக்மன், ழான் ஹாவேஸ், ஜோசப் மிட்செல். எழுதிவைத்த திரைக்கதை கிடையாது. நல்ல ஆரம்பமும் நல்ல முடிவும் கிடைத்தால் நடுவில் உள்ளது தானாக வரும் என்பது அவர்கள் வழக்கம். யோசனை ஓடாமல் நின்றால் எல்லோரும் வெளியே போய் பேஸ்பால் ஆடுவார்கள். ஆடும்போதே யாருக்காவது பொறி தட்டினால் மட்டையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடுவார்கள்.

அந்த வருஷம் வெளிவந்த 'ஒன் வீக்' இருபது நிமிஷத்துச் சொச்சப் படம். புதுசாகக் கல்யாணமான ஜோடிக்குப் பெட்டி பெட்டியாக வீடு ஒன்று பரிசாக வருகிறது, எண்களைப் பார்த்துக் கோர்த்தால் வீடு தயார். அந்தப் பெண்ணைக் கட்ட ஆசைப்பட்டுத் தோற்ற பொறாமைக்காரன் ஒருவன் பெட்டி எண்ணை மாற்றி எழுதிவிடுகிறான். கோணல்மாணலாக எழும்புகிற அந்த வீடு புயலில் ராட்டினம் போலச் சுற்றுகிறது. அது நிஜ வீடு. கேப்ரி அதைச் சுழலும் மேடையின் மேல் கட்டினார். கடைசியில் வீட்டை வேறு மனைக்கு இழுத்துப் போகும்போது தண்டவாளத்தில் மாட்டிக்கொள்ளும். ரயில் வரும், இருவரும் முகத்தை மூடிக்கொள்வார்கள், ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடும். அப்பாடா என்று மூச்சு விடும்போது எதிர்த் திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைத் தூள் தூளாக்கும். கீட்டன் என்ன செய்கிறார்? குவியலின் மேல் 'விற்பனைக்கு' என்ற பலகையை வைத்து, கோர்க்கும் குறிப்புத் தாளையும் அதில் மாட்டிவிட்டு, மனைவி கையைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டுகிறார்.

1924-ல் 'ஷெர்லாக் ஜூனியர்'. அதில் சினிமா ஆபரேட்டராக வரும் கீட்டன் தூங்கிப்போய், கனவில் திரைக்குள்ளேயே நடந்து நுழைகிறார். உள்ளே காட்சி மாறிக்கொண்டே இருக்கும். தோட்டத்தில் உட்காரப் போனால் தெரு வந்துவிடும், பாறை மேலிருந்து கடலில் குதித்தால் பனியில் தலைகீழாக விழுவார். ஆள் மட்டும் துளி நகராமல் அதே இடத்தில் இருப்பார், பின்னால் உலகம் மாறும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்? நிலம் அளக்கிற சர்வே கருவிகளைக் கொண்டுவந்து, கேமராவுக்கும் அவருக்கும் உள்ள தூரத்தையும் உயரத்தையும் ஒவ்வொரு இடத்திலும் அப்படியே பொருத்தினார்கள். முந்தைய ஷாட்டின் கடைசிச் சட்டத்தை (ஃப்ரேம்) பார்த்து, அதே நிலையில் அவரை நிறுத்தி எடுத்தார்கள். நாங்கள் தினமும் ஒரு புள்ளியை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோக எதைப் பயன்படுத்துகிறோமோ, அதை வைத்து அவர் கனவு எடுத்திருக்கிறார். இது தெரிந்த நாளிலிருந்து அந்தக் காட்சியை நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது.

அதே படத்தில் ஓடுகிற ரயிலின் கூரைமேல் ஓடிவந்து, ஸ்டேஷன் தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்துத் தொங்குவார். தண்ணீர் கொட்டும். கொட்டிய வேகம் நினைத்ததை விட அதிகம், அவரைக் கீழே அறைந்து, பின்கழுத்து தண்டவாளத்தில் மோதியது. கொஞ்ச நாள் கடுமையான தலைவலி, அப்புறம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பல வருஷம் கழித்து வேறு ஏதோ காரணத்துக்கு எக்ஸ்ரே எடுத்த டாக்டர்தான், கழுத்தெலும்பு முறிந்து தானாகச் சேர்ந்திருப்பதைச் சொன்னார். அந்த ஷாட் படத்தில் அப்படியே இருக்கிறது. கழுத்து முறிந்த மனிதர் எழுந்து ஓடுவதைத்தான் நாம் பார்க்கிறோம்.

'தி ஜெனரல்' பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது அந்தப் பாலம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உண்மையாக நடந்த ஒரு ரயில் கடத்தல்தான் கதை. பழைய கால எஞ்சின் ஓடக்கூடிய தண்டவாளம் ஆரிகன் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் பக்கம் மரம் ஏற்றும் கம்பெனிகளிடம் இருந்ததால், படக்குழு முழுவதும் அங்கே போய் இறங்கியது. ரோ ஆற்றின் மேல் மரப்பாலம் கட்டினார்கள். 1926 ஜூலையில் அந்தப் பாலத்துக்குத் தீ வைத்து, நிஜ எஞ்சினை அதன்மேல் ஓட்டி ஆற்றில் கவிழ்த்தார்கள். ஊரே திரண்டு வந்து பார்த்தது. இரண்டாவது டேக் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த ஒரு ஷாட்டுக்கு 42,000 டாலர் ஆனதாகக் கணக்கு, ஊமைப்பட காலத்திலேயே அதிகச் செலவு பிடித்த ஷாட் என்பார்கள். விழுந்த எஞ்சின் இரண்டாம் உலகப் போரில் இரும்புக்காக அள்ளிப் போகும்வரை ஆற்றிலேயே கிடந்தது.

பாலத்தை விட எனக்குப் பிடித்தது அதே படத்தில் வேறொன்று. எஞ்சினின் முன்பக்கம் ஒரு கனத்த ஸ்லீப்பர் கட்டையை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். எதிரே தண்டவாளத்தில் இன்னொரு கட்டை குறுக்கே கிடக்கிறது, மோதினால் எஞ்சின் தடம் புரளும். கையில் இருக்கும் கட்டையைத் தூக்கி, கீழே கிடக்கும் கட்டையின் ஒரு முனையில் போடுகிறார். அது எகிறி, இரண்டும் ஒரே வீச்சில் வெளியே போய் விழுகின்றன. நெம்புகோல் தத்துவம், மூன்று விநாடி. ரயிலும் கட்டைகளும் அவரும் ஒரே சட்டத்துக்குள் முழுசாகத் தெரிவார்கள், நடுவில் வெட்டே இல்லை. வெட்டினால் ஏமாற்று வேலை என்று பார்க்கிறவர் நினைத்துவிடுவார் என்பதில் அவர் மகா கறார். படம் போட்ட காசை எடுக்கவில்லை. விமர்சகர்களும் கைவிட்டார்கள். பின்னாளில் தன் படங்களில் தனக்கு ரொம்பப் பெருமை தந்தது இதுதான் என்று அவர் சொன்னார். 1989-ல் அமெரிக்கா தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டைத் தொடங்கியபோது முதல் பட்டியலிலேயே 'தி ஜெனரல்' இருந்தது.

இப்போது சுவருக்கு வருகிறேன். 1928, 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்', சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் போட்ட செட். புயல் அடிக்கிறது. கீட்டன் கழுத்தைத் தடவிக்கொண்டு தெருவில் நிற்கிறார். பின்னால் உள்ள வீட்டின் முன்சுவர் முழுசாக அவர்மேல் சாய்கிறது. மாடி ஜன்னல் திறந்திருக்கிறது, அந்த ஓட்டைக்குள் அவர் நிற்கிறார், சுவர் அவரைச் சுற்றிப் படுத்துவிடுகிறது.

இது ஒரே நாளில் உதித்த யோசனை இல்லை. 1919-ல் ஆர்பக்கிளோடு செய்த ஒரு படத்தில் லேசான மேடைத் தட்டி இப்படி விழும். 'ஒன் வீக்'கில் கொஞ்சம் பெரிய சுவர் விழும். 1928-ல் எடை இரண்டு டன். தோளுக்கு இரு பக்கமும் இரண்டு அங்குலம், தலைக்கும் குதிகாலுக்கும் அதே இரண்டு அங்குலம் இடைவெளி விட்டதாகக் கீட்டன் சொன்னார். கேமராவைச் சுழற்றியவர்களே அந்த நேரத்தில் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

எங்கள் சைட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இந்தக் காட்சியை மேஸ்திரியிடம் போனில் காட்டினேன். வயதான மனுஷர், சினிமா அதிகம் பார்க்காதவர். சிரிப்பார் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி போடுங்க சார்" என்றார். போட்டேன். "கீழ கீல் வச்சு விட்டிருக்கான். சரி. ஆனா இவ்வளவு காத்து அடிக்குது, சுவர் ஒரு அசங்கல் இல்லாம விழுது பாருங்க. தட்டியா இருந்தா முறுக்கிக்கிட்டுப் போயிருக்கும். நிஜக் கனத்துல செஞ்சிருக்கான்" என்றார். அப்படியே உண்மை. புயலுக்காக விமான எஞ்சின் பொருத்திய பெரிய விசிறிகளை ஓடவிட்டிருந்தார்கள். லேசான சுவர் என்றால் காற்றில் திருகி, ஜன்னல் இடம் மாறி, ஆள் காலி. அதனால் திருகாத அளவுக்குக் கனமாகவும் விறைப்பாகவும் கட்ட வேண்டியிருந்தது என்று கீட்டன் பேட்டியில் விளக்கியிருக்கிறார். அவர் பிழைப்பதற்காகவே அவரைக் கொல்லக்கூடிய எடையில் சுவரைக் கட்டினார்கள். மேஸ்திரி அதைத் திரையிலேயே படித்துவிட்டார். "அவன் நல்ல வேலைக்காரன் சார்" என்றார். கீட்டனுக்குக் கிடைத்த எந்தப் பாராட்டுக்கும் இது குறைந்ததில்லை என்பேன்.

அந்தச் சமயத்தில் அவருடைய ஸ்டுடியோவை மூடும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஷென்க் அவரை எம்.ஜி.எம். என்ற பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோவுக்குப் போகச் சொன்னார். வேண்டாம் என்று சாப்ளினும், இன்னொரு நகைச்சுவை நட்சத்திரமான ஹரால்டு லாயிடும் எச்சரித்தார்கள். போனார். தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தவறு அது என்று சுயசரிதையில் எழுதினார். வாரச் சம்பளம் 3,000 டாலர். முதலில் எடுத்த 'தி கேமராமேன்' அருமையான படம், அதில் ஓரளவு அவர் இஷ்டம் நடந்தது. அப்புறம் கதை இலாகா ஒரு பக்கம், பட்ஜெட் இலாகா ஒரு பக்கம். எழுதிக் கொடுத்ததை நடி, ஆபத்தான காரியம் செய்யாதே, அதற்கு வேறு ஆள் இருக்கிறான் என்றார்கள். கேப்ரியும் லெஸ்லியும் புரூக்மனும் உட்கார்ந்து பேசிய அந்த அறை போய்விட்டது. பேஸ்பாலும் போய்விட்டது.

பேசும்படம் அவரை வீழ்த்தவில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேடையில் வளர்ந்தவர், கனமான நல்ல குரல். எம்.ஜி.எம்.-மில் அவர் பேசி நடித்த படங்கள் காசும் பார்த்தன. ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் வசனங்களை உச்சரிப்புப் பார்த்து மனப்பாடம் செய்து அந்தந்த மொழிப் பதிப்பிலும் நடித்தார். பேச வேண்டிய இடத்தில் பேசட்டும், மற்ற நேரம் வேலை நடக்கட்டும், பேச்சுக்காகப் பேச்சு வேண்டாம், இவ்வளவுதான் அவர் கேட்டது. அதைக்கூட விடவில்லை. வளவளவென்று பேசும் நகைச்சுவை நடிகர் ஜிம்மி டுராண்டியோடு ஜோடி போட்டார்கள். வீட்டில் நடாலி டால்மாட்ஜோடு கல்யாணம் முறிந்து 1932-ல் விவாகரத்து, இரண்டு மகன்களின் குடும்பப் பெயரும் மாற்றப்பட்டது. குடி முற்றியது. 1933-ல் எம்.ஜி.எம். வெளியே அனுப்பியது. அடுத்த சில வருஷங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சிகிச்சை, அவசரக் கல்யாணம், அது முறிந்தது, சில்லறைச் சம்பளத்துக்குக் குட்டிப் படங்கள்.

அதற்கு அப்புறம் உள்ளதைத்தான் பலரும் சொல்ல மறக்கிறார்கள். குடியைக் கட்டுக்குள் கொண்டுவந்து, அதே எம்.ஜி.எம்.-மில் வாரம் 100 டாலருக்கு மற்றவர்களுக்குச் சிரிப்பு யோசனை சொல்லும் ஆளாக வேலைக்குச் சேர்ந்தார். ரெட் ஸ்கெல்டன் நடித்த 'எ சதர்ன் யாங்கி' படத்தில் ஒரு இடம் உண்டு. உள்நாட்டுப் போரில் இரண்டு படைக்கு நடுவே மாட்டிக்கொண்ட நாயகன், ஒரு பாதி நீலம், ஒரு பாதி சாம்பல் நிறத்தில் தைத்த சீருடையில், இரு பக்கமும் வேறு வேறு கொடியோடு நடந்து போவான். ஒவ்வொரு படையும் தன் பக்கம் தெரிவதைப் பார்த்து ஆரவாரம் செய்யும். அது கீட்டன் கொடுத்தது. பின்னாளில் டி.வி. நகைச்சுவையில் புகழ்பெற்ற நடிகை லூசில் பால் அங்கேதான் அவரிடம் கற்றுக்கொண்டார்.

1940-ல் எலினார் நாரிஸைக் கல்யாணம் செய்தார். நடனப் பெண், அவரை விட 23 வயது சின்னவர். நிலைக்காது என்றார்கள். கடைசி மூச்சு வரை நிலைத்தது. 1947-ல் பாரிஸில் மெட்ரானோ சர்க்கஸில் ஆடினார். 1949-ல் 'லைஃப்' பத்திரிகையில் ஜேம்ஸ் ஏஜி எழுதிய கட்டுரை ஊமைப்பட நகைச்சுவைக்காரர்களைத் திரும்பப் பேச வைத்தது. அவருடைய பழைய மாளிகையை வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே பூட்டிக்கிடந்த ஃபிலிம் சுருள்களைக் கண்டெடுத்தார். தொலைந்தது என்று நினைத்த படங்கள் மறுபடி ஓடின. கௌரவ ஆஸ்கர் வந்தது. தன் வாழ்க்கைக் கதையைப் படமாக்க விற்ற பணத்தில் உட்லண்ட் ஹில்ஸில் ஒரு வீடு வாங்கி, காய்கறி போட்டு, கோழி வளர்த்தார். விருந்தாளிகளுக்குத் தின்பண்டம் கொண்டுவரப் பொம்மை ரயில் ஒன்றை ஓடவிட்டிருந்தார். இது சோகக் கதையா? எனக்குத் தெரியவில்லை.

1964-ல் கனடா அரசின் திரைப்பட வாரியத்துக்காக 'தி ரெயில்ராடர்' எடுத்தார்கள். தண்டவாளத்தில் ஓடும் ஒரு சின்ன மோட்டார் வண்டியில் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை ஒருவர் போகிறார். ஒரு வசனம் இல்லை. அந்தப் படப்பிடிப்பையே இன்னொரு குழு ஆவணப்படமாக எடுத்தது. அதில் பெரிய தூண்பாலத்தைக் கடக்கும் காட்சிக்குக் கீட்டன் ஒரு யோசனை சொல்கிறார். பெரிய வரைபடத்தை விரித்துப் படிக்கும்போது காற்றில் அது உடம்பு முழுக்கச் சுற்றிக்கொள்ள வேண்டும், பாலம் வருவதே அவருக்குத் தெரியக் கூடாது. ஆபத்து என்று இயக்குநர் ஜெரால்டு பாட்டர்டன் தயங்குகிறார். கீட்டனுக்குக் கோபம் வருகிறது. இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு, இதைவிடப் பெரியதைத் தூக்கத்தில் செய்வேன் என்கிற மாதிரி பொரிந்து தள்ளுகிறார். அவருக்கு அப்போது வயது 69. நுரையீரல் அதற்குள் கெட்டுப்போயிருக்க வேண்டும், 1966 பிப்ரவரி 1-ல் இறந்ததே நுரையீரல் புற்றுநோயில்தான். கடைசியில் அவர் சொன்னபடியேதான் எடுத்தார்கள். தாளில் சுருட்டிக்கொண்ட மனிதர் அத்தனை உயரத்தில் பாலத்தைக் கடந்து போகிறார், கேமரா தூரத்தில் நின்று எல்லாவற்றையும் முழுசாகக் காட்டுகிறது.

முதல் தடவை பார்க்கிறவர்கள் 'ஒன் வீக்'கில் ஆரம்பியுங்கள், வீட்டுப் பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள். அப்புறம் 'ஷெர்லாக் ஜூனியர்', அப்புறம் 'தி ஜெனரல்'. 1920-களின் படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மங்கலான, தாறுமாறான வேகத்தில் ஓடும் பிரதியில் பார்க்காதீர்கள். சீரமைத்த பிரதியாகத் தேடிப் பாருங்கள். அந்தக் கண்ணும், சுவர் விழும்போது கிளம்பும் தூசியும் தெளிவாகத் தெரிய வேண்டும்.